மொட்டைமாடியில் ஃபோம் அடிக்கலாமா? புனேயின் பழைய ஃபிளாட்டுகளும் மேல்தளச் சூடும்

ஏப்ரல் மாத ராத்திரி பத்து மணி. கோத்ரூடிலோ ஔந்திலோ, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலுக்கு வெளியே காற்று குளிர்ந்துவிட்டது. உள்ளே ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் சூடான காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் கதகதப்பாக இருக்கும். இரண்டு மாடி கீழே இருப்பவர் ஏசி போடாமல் தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்த நேரம் பார்த்து சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வரும். மொட்டைமாடியில் பியூ ஃபோம் ஸ்ப்ரே அடித்தால் சூடும் போகும், ஒழுகலும் நிற்கும், ஒரே நாளில் வேலை முடியும் என்பார்கள். மஞ்சள் நுரை பொங்கி நிமிடங்களில் கெட்டியாகும் வீடியோவும் கூடவே இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடிக்கலாமா? பதில் சொல்லுமுன் சூடு எப்படி வருகிறது, ஃபோம் என்ன செய்கிறது, தப்பாகப் போனால் அதை எப்படி எடுப்பது என்று மூன்றையும் பார்த்துவிடுவோம். மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

புனேயில் இன்சுலேஷன் எதற்கு?

'குளுகுளு ஊர்' என்ற பெயர் புனேக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் 2019 ஏப்ரல் 28 அன்று ஷிவாஜிநகர் வானிலை மையத்தில் 43 டிகிரி செல்சியஸ் பதிவானது. சாதாரண ஏப்ரல் நாளிலேயே பகலில் 38 டிகிரியை ஒட்டிப் போகும்.

ஆனால் புனேயிடம் சென்னைக்கு இல்லாத ஒரு வரம் உண்டு. அதே ஏப்ரலில் விடியற்காலை வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலுக்கும் இரவுக்கும் கிட்டத்தட்ட 17 டிகிரி வித்தியாசம். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தாலே வீடு ஆறிவிட வேண்டும். மேல்தள வீடு மட்டும் ஆறாததற்குக் காரணம் கூரை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், சில மணி நேரம் கழித்து, நீங்கள் ஆபீஸ் முடிந்து வரும் நேரத்தில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது.

பழைய வீடுகள் இப்படித்தான் இருந்தனவா?

இல்லை. புனேயின் உண்மையான பழைய வீட்டுக்கு 'வாடா' என்று பெயர். நம்ம காதுக்கு யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்கும். சதாசிவ் பேட், நாராயண் பேட், கஸ்பா பேட் பக்கம் நடந்தால் மிச்சமிருக்கும் சிலவற்றைப் பார்க்கலாம். கருங்கல் அடித்தளம், தடிமனான செங்கல்-மண் சுவர், நடுவில் முற்றம், மரச்சட்டத்தின் மேல் ஓட்டுக்கூரை. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே காற்று நிற்கும் பரண்தான் அந்த வீட்டின் இன்சுலேஷன்.

1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்தது. முட்டா நதியோரப் பேட்டைகளுக்குள் வெள்ளம் புகுந்து ஏராளமான வீடுகள் இடிந்தன. அதற்குப் பிறகு ஊர் வெளிப்பக்கமாக வளர்ந்தது. வாடாக்கள் இருந்த இடத்திலும் ஊருக்கு வெளியே புதிதாக எழுந்த காலனிகளிலும் கான்கிரீட் அடுக்குமாடிகள் வந்தன. இன்று ஐடி வேலைக்கு வரும் நம்மில் பலர் 'பழைய பில்டிங்' என்று சொல்லி வாடகைக்கு எடுப்பது 1970களிலிருந்து 90கள் வரை கட்டிய இந்தக் கட்டடங்களைத்தான்.

இவற்றின் கூரை 5, 6 அங்குல கான்கிரீட் ஸ்லாப். அதன் மேல் 'பிரிக் பேட் கோபா'. அதாவது உடைத்த செங்கலை சிமென்ட் கலவையில் சாய்வாகப் பதித்து மேலே பூசி விடுவது. நம்மூரில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதிப்பதன் மராட்டிய உறவினர் என்று சொல்லலாம். மழைத்தண்ணீர் வடியத்தான் அதைப் போட்டார்கள். சூட்டையும் கொஞ்சம் தடுக்கும், ஆனால் கொஞ்சம்தான்.

எவ்வளவு சூடு இறங்குகிறது? ஒரு சின்னக் கணக்கு

கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை 'யூ மதிப்பு' என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் சின்னதாக இருந்தால் கூரை நல்லது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதிப்படி, வீட்டுக் கூரையின் யூ மதிப்பு 1.2ஐத் தாண்டக் கூடாது.

6 அங்குல ஸ்லாப், அதன் மேல் 4 அங்குல கோபா என்று வைத்துக் கணக்குப் போட்டேன். யூ மதிப்பு சுமார் 2.2 வருகிறது, அனுமதித்த அளவைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் வரும் புதுக் கட்டடங்களுக்காக எழுதப்பட்டது என்பதால் உங்கள் பழைய ஃபிளாட்டை அது தொடவே தொடாது.

இப்போது 500 சதுர அடி கூரை. வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி, வீட்டுக்குள் 32 டிகிரி. உச்ச நேரத்தில் கூரை வழியாக இறங்கும் வெப்பம் தோராயமாக இப்படி:

• இப்போது இருக்கும் கூரை: 2.9 கிலோவாட்
• மேலே நல்ல வெள்ளைப் பூச்சு மட்டும் (மேற்பரப்பு 45 டிகிரிக்கு இறங்கினால்): 1.3 கிலோவாட்
• பூச்சு இல்லாமல் 2 அங்குல இன்சுலேஷன் மட்டும்: 0.6 கிலோவாட்
• இரண்டும் சேர்ந்து: 0.3 கிலோவாட்

ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 3.5 கிலோவாட். அப்படியென்றால் உங்கள் தலைக்கு மேல் ஏறக்குறைய ஒரு டன் ஏசியின் வேலையை எதிர்த்திசையில் கூரை செய்துகொண்டிருக்கிறது. இது எளிமைப்படுத்திய கணக்கு. கான்கிரீட் சூட்டைத் தேக்கி வைத்து மெதுவாக விடும் என்பதால் நிஜத்தில் எண்கள் மாறும். ஆனால் விகிதம் தெளிவாகத் தெரிகிறது. வெறும் வெள்ளைப் பூச்சே சூட்டைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பூச்சு அடித்த கூரை ராத்திரியில் வானத்தைப் பார்த்து ஆறிக்கொள்ளும். புனே போல இரவு குளிரும் ஊரில் இது பெரிய விஷயம். தடிமனான இன்சுலேஷன் பகலில் சூட்டைத் தடுக்கும், ராத்திரியில் அறைச் சூடு கூரை வழியாக வெளியேறுவதையும் தடுக்கும். ஜன்னலைத் திறந்து வைக்க முடியாத வீட்டில் இதை யோசித்தே ஆக வேண்டும்.

ஸ்ப்ரே ஃபோம் என்றால் என்ன? அதில் என்ன பிரச்சினை?

பாலியூரித்தேன். உங்கள் ஃப்ரிட்ஜின் சுவருக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான். ஐசோசயனேட் ஒரு பீப்பாய், பாலியால் ஒரு பீப்பாய். இரண்டையும் துப்பாக்கி போன்ற கருவியில் கலந்து அடித்தால் நுரைத்துக் கெட்டியாகிறது. ஒரே தடிமனுக்கு ஒப்பிட்டால் தெர்மோகோலைவிட நன்றாகச் சூட்டைத் தடுக்கும். குளிர்பதனக் கிடங்குகளிலும் தொழிற்சாலை ஷெட்டுகளிலும் பல வருஷமாக அடிக்கிறார்கள். பொருளை வில்லனாக்க வேண்டியதில்லை. அதை எங்கே, யார், எப்படி அடிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலாவது, தண்ணீர். ஃபோம் ஸ்லாபோடு ஒட்டிவிடும். அதன் மேல் பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் வெயில் பட்டு மஞ்சளாகி, பொடியாகி உதிரும். டிஷ் ஸ்டாண்டுக்கு ஒரு துளை, தண்ணீர் டேங்க் மாற்றும்போது ஒரு கீறல், பறவைகள் கொத்திய ஒரு குழி போதும், மழைத்தண்ணீர் உள்ளே போய் ஃபோமுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே ஓடும். ஒழுகும் இடம் ஹாலில் இருக்கும், ஓட்டை பாத்ரூமுக்கு மேல் இருக்கும். கண்டுபிடிக்கவே முடியாது. அதற்குள் ஸ்லாபின் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும்.

இரண்டாவது, நெருப்பு. பாலியூரித்தேன் எரியும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை வரும். 2013 ஜனவரியில் பிரேசிலின் 'கிஸ்' இரவு விடுதித் தீயில் 242 பேர் இறந்தார்கள். சத்தத்தை அடக்க சீலிங்கில் ஒட்டியிருந்த ஃபோமில்தான் தீ பற்றியது. ஆகவே சீலிங்கின் உள்பக்கம் ஃபோம் அடித்துத் திறந்தபடி விடலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, மூச்சு. அடிக்கும்போது காற்றில் கலக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அடிப்பவருக்குக் காற்று வழங்கும் முகக்கவசம் வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரம் வெளியே இருக்க வேண்டும். ஈரமான தளத்திலோ தப்பான விகிதத்திலோ அடித்தால் ஃபோம் சரியாக இறுகாது. சுருங்கிப் பிளக்கும், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் போகவே போகாது.

நான்காவது, வயது. 2020 ஜனவரி 1 முதல் இந்தியா எச்சிஎஃப்சி-141பி என்ற வாயுவை ஃபோம் தயாரிப்பிலிருந்து முழுதாக விலக்கியது, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால். அதற்கு முன் அடித்த ஃபோமுக்குள் அந்த வாயு இன்னும் அடைபட்டிருக்கலாம். உடைத்தால் வெளியே வரும்.

பிரிட்டன் எப்படி மாட்டிக்கொண்டது?

யூகேவில் வீடு வாங்கிய நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இந்தப் பிரச்சினை அங்கே வீட்டுக்கடனையே நிறுத்துகிறது. ஓட்டுக்கூரையின் அடியில், மரச்சட்டங்களின் மேல் ஃபோம் அடித்தார்கள். மரம் மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் தங்கியது. மரம் உளுத்ததா இல்லையா என்று சர்வேயர் எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. பார்க்க முடியாததற்கு வங்கி கடன் தராது. 2024இல் பிபிசி விசாரித்தபோது, நாட்டின் பெரிய கடன் நிறுவனங்களில் நான்கில் ஒன்று இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடன் கொடுப்பதில்லை என்று தெரிந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்த ஃபோம் இருப்பதாக மதிப்பீடு. பணம் கொடுத்து அடித்தவர்கள் இப்போது எடுப்பதற்கும் பணம் கொடுக்கிறார்கள்.

இதற்கு முன்னும் நடந்திருக்கிறது. கனடா 1970களின் இறுதியில் மானியம் கொடுத்து வீடுகளை இன்சுலேட் செய்யச் சொன்னது. யூரியா ஃபார்மால்டிஹைட் ஃபோம் சுவர்களுக்குள் போனது. 1980 டிசம்பரில் அரசே அதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2009-10 மானியத் திட்டத்தில் அவசர அவசரமாக வேலைக்கு எடுத்த இளம் தொழிலாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். விசாரிக்க ராயல் கமிஷன் போட வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம், அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகச் சொன்னது.

மூன்று நாடுகளிலும் நோக்கம் நல்லதுதான். வேலையைச் சரிபார்க்க ஆள் இல்லை. தப்பானால் திரும்ப எடுப்பது எப்படி என்று முதலிலேயே யாரும் கேட்கவில்லை.

புனேயில் வாடாவைப் புதுப்பித்து கஃபே, ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு பிரிட்டன் கதை நேரடியாகவே பொருந்தும். ஓடு, மரச்சட்டம் இரண்டும் அங்கேயும் உண்டு. கூடுதலாக இங்கே கரையானும் பருவமழையும் இருக்கின்றன.

ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. எடுக்கணுமா?

பதறி உடனே பிய்க்க வேண்டாம். ஃபோம் காய்ந்து, தட்டினால் கெட்டியாக, மேற்பூச்சு விரிசல் இல்லாமல், கீழே ஈரக்கறை இல்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். மேற்பூச்சை மட்டும் அவ்வப்போது புதுப்பியுங்கள்.

எடுத்தே ஆக வேண்டிய நேரங்கள்: மழைக்குப் பல நாள் கழித்தும் சீலிங்கில் ஈரம், அழுத்தினால் ஃபோம் அமுங்கித் தண்ணீர் கசிவது, சீலிங் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிவது, நாற்றம் நிற்காதது, அறைக்குள் மூடப்படாமல் ஃபோம் தெரிவது.

எடுக்கும் வேலை கை வேலைதான். இந்தப் பொருள் உருகாது. சூடு காட்டி உருக்கப் பார்த்தால் எரியும், விஷப்புகை வரும். கத்தி, சுரண்டி, உளி வைத்துத் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். தூள் பறக்கும் என்பதால் நல்ல மாஸ்க், கண்ணாடி, உடலை மூடும் உடை கட்டாயம். பெயர்க்கும்போது பழைய கோபாவின் மேற்பூச்சும் சேர்ந்து வரும். ஆகவே 'ஃபோமை எடுக்க இவ்வளவு' என்று மட்டும் கொட்டேஷன் வாங்கினால் பாதிச் செலவு மறைந்தே இருக்கும். ஸ்லாபைக் காய வைப்பது, துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்வது, சாய்வு, புது வாட்டர்புரூஃபிங், தண்ணீர் தேக்கிச் சோதிப்பது எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். எடுத்த குப்பையை மாடியிலோ காலி மனையிலோ கொளுத்த விடாதீர்கள்.

புனேயில் ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்துவிடும். மே கடைசியில் பிய்க்க ஆரம்பித்தால் ஜூனில் வீட்டுக்குள் பக்கெட்தான்.

யார் பணம் கொடுப்பது?

மகாராஷ்டிராவின் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்க மாதிரி விதிகளைப் படித்தால் ஒன்று கவனத்தில் படும். மொட்டைமாடியைப் பராமரிப்பது சொசைட்டியின் செலவு. மாடி வழியாக மழைநீர் ஒழுகி மேல்தள வீட்டு சீலிங் கெட்டால் அதைச் சரிசெய்வதும் சொசைட்டியின் செலவு. ஆனால் மாடி வழியாக இறங்கும் சூட்டைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. விதிக்கு மழை தெரிகிறது, வெயில் தெரியவில்லை.

அதனால்தான் மீட்டிங்கில் "உங்க வீட்டுக்கு மட்டும்தானே சூடு?" என்ற கேள்வி வருகிறது. நான்கு மாடிக் கட்டடத்தில் முக்கால்வாசி வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பிரச்சினையே தெரியாது. மேல்தளத்துக்காரர் பெரும்பாலும் வாடகைக்காரர், அவருக்கு ஓட்டு கிடையாது.

இன்னொரு தடையும் உண்டு. 30 வருஷத்தைத் தாண்டிய பல கட்டடங்கள் ரீடெவலப்மென்டுக்காகக் காத்திருக்கின்றன. 2019 ஜூலை 4 அன்று மாநில அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, உறுப்பினர்களில் 51 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும். "இடிக்கப் போற பில்டிங்குக்கு எதுக்கு செலவு?" என்பார்கள். பேச்சுவார்த்தை பத்து வருஷம் இழுக்கலாம், அந்தப் பத்து கோடையும் மேல்தளத்துக்காரர் தலையில்தான்.

இந்த நிலைமைக்கு ஃபோம் பொருந்தாது. மாதிரி விதிப்படி 30 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும். ஸ்லாபின் மேல்பக்கத்தை ஃபோம் மூடிவிட்டால் இன்ஜினியர் எதைப் பார்ப்பார்?

அப்போ என்ன செய்யலாம்?

குறைந்த செலவும் எளிதில் திரும்ப எடுக்கக்கூடியதுமான வழியிலிருந்து தொடங்குங்கள்.

1. முதலில் ஒழுகல். விரிசலையும் சாய்வையும் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் வீண்.

2. வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்பிலிருந்து சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் வரை. அகமதாபாத் 2017 முதல் குடிசைப் பகுதிகளில் இதைச் செய்துவருகிறது. தெலங்கானா 2023இல் தனிக் கொள்கையே கொண்டுவந்து, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூல் ரூஃப் என்று இலக்கு வைத்தது. கட்டுமானத் தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன் ஒரு தடவை கழுவ வேண்டும்.

3. நிழல். ஷேட் நெட், மூங்கில் தட்டி. சோலார் பேனலும் நிழல்தான். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில், பொது மின்தேவைக்காகப் பேனல் போடும் சொசைட்டிகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மீட்டிங்கில் எல்லா மாடிக்காரரையும் சம்மதிக்க வைக்க இதுதான் நல்ல வழி.

4. இன்சுலேஷன் வேண்டுமென்றால் போர்டு. தண்ணீர் உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் போர்டை வாட்டர்புரூஃபிங்குக்கு மேல் ஒட்டாமல் பரப்பி, அதன் மேல் டைல்ஸ் வைக்கலாம். நாளைக்கு ஒழுகினால் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கலாம். ஆனால் பழைய ஸ்லாப் கூடுதல் பாரம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

5. வாடகைக்காரரா? மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுங்கள், உள்ளே போடும் கர்ட்டனைவிட அது நல்லது. சூரியன் ஏறியதும் ஜன்னலை மூடுங்கள், ராத்திரி திறந்து விடுங்கள். ஓனரிடம் மேலே இருக்கும் கணக்கைக் காட்டுங்கள்.

மகாராஷ்டிராவில் சொசைட்டிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30க்குள் நடத்தியாக வேண்டும். மழை ஈரம் சீலிங்கில் இன்னும் தெரியும் நேரம் அது. 'மொட்டைமாடி: ஒழுகலும் சூடும்' என்று ஒரே பொருளாக அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி உங்கள் ஓனரை எழுத வையுங்கள். தீர்மானம் செப்டம்பரில், கொட்டேஷன் டிசம்பரில், வேலை பிப்ரவரியில் என்றால் அடுத்த ஏப்ரலுக்குள் முடிந்துவிடும்.

யார் எந்தப் பொருளோடு வந்தாலும் கான்ட்ராக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு இதை எடுக்கணும்னா எப்படி எடுப்பீங்க, எவ்வளவு ஆகும்?" எழுத்தில் பதில் வந்தால் மேலே பேசலாம். சிரித்து மழுப்பினால், ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டோடு இந்த வருஷத்தை ஓட்டிவிடுங்கள்.